துருக்கிய இசையில் செவிவழிக் கல்வி

சவ்வாது மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரின் பாடல்கள் ஏட்டில் பிறந்தவையல்ல. மூத்தோர் பாட, இளையோர் கேட்டுக் கற்றவை. துருக்கிய மரபிசையும் இவ்வாறே வளர்ந்ததை அறிந்து நாம் வியக்கிறோம். அப்பயிற்சியை அவர்கள் ‘மெஷ்க்’ என்பர்.

மெஷ்க் முறையில் மாணவர் முதலில் பாடலின் சொற்களைப் பெறுவார். பின்னர் இரு கைகளாலும் முழங்காலில் ‘தூம், தெக்’ எனத் தாளம் தட்டியவாறு, ஆசிரியர் பாடும் ஒவ்வோர் அடியையும் திரும்பப் பாடுவார். பிழை நீங்கும்வரை இது தொடரும். நம் இராகத்தை ஒத்தது அவர்களின் ‘மகாம்’. ஒரு முழுச்சுர இடைவெளியை ஒன்பது நுண்கூறுகளாகப் பகுக்கும் அவ்விசையின் நுட்பத்தைச் செவியே உணர்த்த வல்லது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்பர்சும் லிமொன்சியான் சுரக்குறிகளை வகுத்தார். எனினும் மெஷ்க் நின்றுவிடவில்லை. ஹஜ்ஜுக்குச் சென்று 1846இல் அப்புனித மண்ணிலேயே மறைந்த இஸ்மாயில் தெதே எஃபெந்தியின் பாடல்கள் பலவும், ஸெகாயி தெதே போன்ற மாணவர்களின் நினைவின் வழியாகவே நமக்கு எஞ்சின. நினைவில் கொள்வார் இல்லாதவை அழிந்தன.

சவ்வாது மலைப் பாடல்களை இன்று ஒலிப்பதிவு செய்தல் நன்றே. ஆயினும், அவற்றைப் பாடக் கற்கும் இளையோர் இல்லையெனில், அப்பதிவு ஒலியாக நிற்குமேயன்றி மரபாக வாழாது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.