கடிக்கும் நாயும் வளர்த்தவர் பொறுப்பும்



செஞ்சிக் கோட்டை மலையடிவாரத்தில் ஆட்டுக்கிடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் வந்து அமர்ந்தார். முகம் வாடியிருந்தது.

"ஹஜ்ரத்! ஆறு வருஷமாகக் கிடையைக் காத்த நாய். இப்போது ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. காதில் சீழ் வடிகிறது. யார் கிட்டே போனாலும் பாய்கிறது. நேற்றுப் பக்கத்துக் கொல்லைக்காரரின் பையனைக் கடித்துவிட்டது. தம்பி விஷம் வைக்கச் சொல்கிறான். மச்சான் மலைக்காட்டில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார். அம்மாவோ, வாயில்லா ஜீவன், பாவம் என்று அழுகிறார். மார்க்கம் என்ன சொல்கிறது?"

"அந்தப் பையனுக்கு ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்டேன். "சுண்ணாம்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள்" என்றார். "முதலில் எழுந்திருங்கள். பையனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மஸ்அலா எங்கும் ஓடிவிடாது" என்று அனுப்பிவைத்தேன். மஃரிபுக்குப் பின் அவர் திரும்பி வந்ததும் சொன்ன விளக்கத்தையே இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். பல வீடுகளுக்கும் இது பயன்படக்கூடும்.

கடிபட்டவர் முதலில்

ஓர் உயிரைக் காப்பது மற்ற எல்லாவற்றிற்கும் முந்தியது. வெறிநோயின் அடையாளங்கள் மனிதரிடம் தோன்றிவிட்டால் அதன் பின் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் கடித்தவுடன் முறையாக வைத்தியம் செய்தால் அந்நோய் வராமல் தடுத்துவிடலாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவவேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்கலாகாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, சொன்ன நாட்களில் தவறாது போட்டு முடிக்கவேண்டும். ஆழமான காயமாயின் காயத்தைச் சுற்றிப் போடும் தனி மருந்தும் உண்டு. தாமதமாகிவிட்டது என்று எண்ணி விட்டுவிடவும் கூடாது.

அந்தக் காலத்தில் வயிற்றைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்ற பயம் இன்றும் பலரிடம் இருக்கிறது. அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் வழக்கொழிந்து பல ஆண்டுகளாயின. இப்போது கையில்தான் போடுகிறார்கள். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டதே இந்நோய்க்கு வைத்தியம் செய்யத்தான். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் நோயை இறக்கிய அல்லாஹ் மருந்தையும் இறக்கியிருக்கிறான், வைத்தியம் செய்யுங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். துஆவும் வேண்டும், ஊசியும் வேண்டும்.

ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவவேண்டும். ஹனஃபீ மத்ஹபில் மூன்று முறை கழுவினால் போதும். பாத்திரத்திற்கும் துணிக்கும் இதைச் செய்யுங்கள். பச்சைக் காயத்தில் மண்ணைப் பூசி ஆபத்தைத் தேடிக்கொள்ளாதீர்கள். நிர்ப்பந்தத்திற்கு மார்க்கத்தில் சலுகை உண்டு.

நாய் வளர்க்கலாமா?

வேட்டைக்கும், ஆடு மாடுகளின் காவலுக்கும், பயிர்க் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள ஹதீஸில் அனுமதி இருக்கிறது. தேவையின்றி வளர்ப்பவரின் நன்மையில் தினமும் ஒரு பங்கு குறையும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. வீட்டுக் காவலை இந்தத் தேவைகளோடு ஒப்பிட்டு அனுமதித்த இமாம்களும் உண்டு. ஆகவே கிடை நாயை வைத்திருந்ததில் குற்றமில்லை. ஆனால் அனுமதியோடு கடமையும் வருகிறது. இரை, தண்ணீர், நிழல் ஆகியவற்றுக்கு வளர்த்தவரே பொறுப்பாளி. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்ததும், தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் கொணர்ந்தவர் மன்னிப்புப் பெற்றதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள செய்திகள்.

முதலில் வைத்தியம்

சாதுவாயிருந்த நாய் திடீரென்று கடிக்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காதில் சீழ், பல் வலி, இடுப்பு மூட்டு வலி, பார்வைக் குறைவு இவற்றால் அவதிப்படும் பிராணி தொட்டாலே சீறும். குருட்டுக் கண் பக்கமாக ஒருவர் வந்தால் திடுக்கிட்டுப் பாயும். நாள் முழுதும் சங்கிலியில் கட்டி அடிப்பதும் அதன் குணத்தைக் கெடுக்கும். எனவே கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் எந்த முடிவுக்கும் வரலாகாது.

குரல் மாறுதல், எச்சில் ஒழுகுதல், தாடை தொங்குதல், தள்ளாட்டம் ஆகியவை வெறிநோயின் அடையாளங்கள். கடித்த நாயைத் தனியே கட்டி 10 நாட்கள் கவனிக்கச் சொல்வது, நோயைப் பரப்பும் நிலையிலுள்ள நாய் அதற்குள் இறந்துவிடும் என்பதனால்தான். அந்தப் 10 நாள் முடியட்டும் என்று கடிபட்டவரின் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

விஷமும் காடும்

விஷம் வைப்பது கூடாது. கொல்ல நேர்ந்தாலும் அழகிய முறையில், வேதனையைக் குறைத்துச் செய்யவேண்டும் என்று ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. நெருப்பால் வேதனை செய்வதும் ஹதீஸில் தடுக்கப்பட்டிருக்கிறது. அடைத்துவைத்துப் பட்டினியால் சாகடிப்பதையும் ஃபிக்ஹு கிதாபுகள் தடுக்கின்றன. நாட்டுச் சட்டத்திலும், 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி இது குற்றம்.

மலைக்காட்டில் விடுவதும் தீர்வல்ல. உங்கள் வாசலில் இருந்த ஆபத்தை ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கும், கோட்டை பார்க்க வரும் மக்களுக்கும் தள்ளிவிடுகிறீர்கள். தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. குணத்தை மறைத்து வேறொருவர் தலையில் கட்டுவது மோசடி.

எப்போது கொல்லலாம்?

இங்கேதான் கவனம் வேண்டும். உண்ணப்படாத பிராணியை, அதன் வேதனையைத் தீர்ப்பதற்காகக்கூட அறுப்பது ஹராம் என்று நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முஈன்' கூறுகிறது. ஆகவே ஷாஃபிஈ மத்ஹபின்படி நோய் மட்டும் கொல்வதற்குக் காரணமாகாது. செலவும் சிரமமும் காரணமாகா.

ஆனால் கடித்துக் குதறும் நாயின் சட்டம் வேறு. ஹரம் எல்லையிலும் கொல்லப்படலாம் என்று ஹதீஸில் கூறப்பட்ட ஐந்து பிராணிகளில் அதுவும் ஒன்று. அத்தகைய நாயைக் கொல்வதில் உலமாக்கள் ஒத்த கருத்துடையவர்கள் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். ஹனஃபீ நூலான 'துர்ருல் முக்தார்' தீங்கு தரும் நாயைக் கொல்ல அனுமதித்து, எரிப்பதைத் தடுக்கிறது. எனவே வைத்தியம் செய்தும், வாய்ப்பூட்டு இட்டும், வேலிக்குள் வைத்தும் ஆபத்து நீங்கவில்லையென்றால், கால்நடை மருத்துவரைக் கொண்டு மயக்க ஊசியால் முடிப்பதற்கு வழி உண்டு.

இது உங்கள் சொந்த நாய்க்கு. தெரு நாயின் மீது தனி மனிதர் கைவைக்கக் கூடாது. 2023-ம் ஆண்டு விதிகளின்படி, குணமாக்க முடியாத நோயுற்றதையும் உயிர்பிழைக்காத காயமுற்றதையும் மருத்துவரே வேதனையின்றி முடிக்கவேண்டும். வெறிநோய் கண்டதைத் தனியே அடைக்கவேண்டும். 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும், வெறிநோயுள்ள, மூர்க்கமான நாய்களைக் கருத்தடைக்குப் பின் தெருவில் திரும்ப விடக்கூடாது என்றது. ஆகவே பேரூராட்சியில் மனுக் கொடுங்கள்.

நஷ்ட ஈடு

பிராணி தானாகச் செய்த சேதத்திற்கு ஈடில்லை என்று ஹதீஸ் இருப்பது உண்மை. அது உரியவர் அலட்சியம் செய்யாதபோது. கடிக்கும் என்று தெரிந்தும் அவிழ்த்துவிட்டவர் ஈடு கொடுக்கவேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். அக்கம்பக்கத்தார் எச்சரித்த பின்னும் அடக்காவிட்டால் பொறுப்பு என்பது ஹனஃபீ மத்ஹப். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் பூங்கா ஒன்றில் இரண்டு வளர்ப்பு நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியபோது, வளர்த்தவர் மீது வழக்குப் பதிவாயிற்று. சட்டம் கேட்பதற்கு முன்பே நாம் போய் நிற்கவேண்டும். அந்தப் பையனின் வைத்தியச் செலவும், பெற்றோர் வேலையிழந்த கூலியும் உங்கள் பொறுப்பு என்று சொன்னேன். சகோதரர் மறுக்கவில்லை. அன்றிரவே அவர் வீட்டிற்குப் போய் மன்னிப்பும் கேட்டார்.

நாய் 10 நாட்களைக் கடந்து உயிரோடிருந்தது. காதுக்கு மருந்திட்டதும் சற்று அடங்கியது. பார்வை மட்டும் திரும்பவில்லை. வேலி போட்டார், வாய்ப்பூட்டும் வாங்கினார். இரண்டு மாதம் கழித்து, இரை வைக்கப் பூட்டைக் கழற்றிய நேரத்தில் அவருடைய மகள் மீதே பாய்ந்தது. மருத்துவர் மீண்டும் பார்த்துவிட்டு, இனி மருந்தால் மாறாது என்றார். ஊசி போடும்போது சகோதரர் விலகிப் போகவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கொல்லை ஓரத்தில் ஆழக் குழிதோண்டிப் புதைத்தார்.

"ஹஜ்ரத், அல்லாஹ் என்னிடம் கேட்பானா?" என்றார்.

"இரை கொடுத்தீர்கள், வைத்தியம் செய்தீர்கள், பிறர் பிள்ளையின் ஹக்கை நிறைவேற்றினீர்கள், கடைசியில் வேதனையைக் குறைத்தீர்கள். அன்றைக்கே விஷம் வைத்திருந்தால் உங்களுக்காக நான் பயந்திருப்பேன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்" என்றேன்.

வாயில்லா ஜீவன்களிடமும் அண்டை வீட்டாரிடமும் நம் கடமையை அறிந்து நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.