விதூஷகனும் வாக்குரிமையும்

காரைக்கால்மேட்டு மீனவர் படகின் சுக்கானைக் கடலறிந்தவனிடமே ஒப்புவிப்பர். நாட்டின் சுக்கானை நகைச்சுவை நடிகரிடம் மக்கள் ஒப்புவிப்பரோ?

2011-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தலில் நடிகர் வடிவேலு தி.மு.க.விற்காகப் பிரசாரம் செய்தார். கூட்டம் திரண்டு நகைத்தது. ஆயினும் அக்கட்சி ஆட்சியிழந்தது. பிறர்பொருட்டு எழுப்பிய நகைப்பு வாக்காக மாறவில்லை.

தாமே வேட்பாளராக நின்றோர் நிலை வேறு. பஞ்சாபில் நகைச்சுவைக் கலைஞர் பகவந்த் மான் 2014-லும் 2019-லும் சங்ரூர் தொகுதியில் வென்று, பாராளுமன்றத்தில் பணியாற்றிய பின்னர் 2022-ல் முதலமைச்சரானார். உக்ரேன் மக்களோ, அரசியற் பதவி எதுவும் வகித்திராத ஸெலென்ஸ்கியை 2019-ல் ஜனாதிபதியாக்கினர்.

ஆகவே நகைச்சுவைத் தொழில் பதவிக்குத் தடையுமன்று; தகுதியுமன்று. மாணவ நண்பர்காள்! மேடையில் நகைத்தோம் என்பதற்காக வாக்களித்தலும், நடிகரென்று இகழ்ந்து மறுத்தலும் ஒருங்கே பிழையாம். கடலறிவானோ என்று வினவுதலே நம் கடன்.