கடலுக்கு ஏற்ற கத்தி

கேள்வி: காரைக்கால்மேட்டிலிருந்து மீன்பிடிக்கப் போகிறேன். கையோடு வைத்துக்கொள்ள எந்தக் கத்தி நல்லது? கைத்துப்பாக்கிக்கும் உரிமம் கேட்கலாமா?

பதில்: நான்கு அங்குல அலகு போதும் தம்பி. முனை மழுங்கியிருக்கட்டும், படகு ஆடும்போது கூர்முனை உங்களையே குத்திவிடும். அலகில் பாதி ரம்பப் பல்லாக இருப்பது முக்கியம். வலைக்கயிறு காலில் சுற்றிக் கடலுக்குள் இழுக்கும்போது நைலானைச் சட்டென்று அறுப்பது அதுதான். மடக்குக் கத்தி வேண்டாம், மடிப்பில் உப்பு இறுகிவிடும். எவர்சில்வரும் உப்புநீரில் துருவேறும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

துப்பாக்கி வேண்டவே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். காரணம் கேட்பார்கள், காவல்துறை விசாரிக்கும். அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடிக்கும் படகில் துப்பாக்கி இருந்தால், உங்களோடு வந்த மற்றவர்களும் சேர்ந்து மாட்டுவார்கள்.