பெட்டித் தோட்டத்தின் அடியில் கூழாங்கல் போடலாமா?

மாணவர்களே, உங்கள் பள்ளியிலோ புளோக்கின் கீழேயோ இருக்கும் சமூகத் தோட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். இப்போது பல இடங்களில் செடிகள் தரையில் இல்லை. கால் வைத்த பெரிய மரப்பெட்டிகளில் வளர்கின்றன. தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் ஆண்டு வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகளும் உயர்த்திக் கட்டியவையே. ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். குனிய முடியாத தாத்தா பாட்டிகளும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் இவற்றில் எளிதாக வேலை செய்யலாம்.

இப்படி ஒரு பெட்டியைத் தயார் செய்யும்போது பலரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "முதலில் அடியில் கூழாங்கல் போடு, அப்போதுதான் தண்ணீர் நன்றாக வடியும்." கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. இது உண்மையா என்று இந்த வாரம் பார்ப்போம். கூடவே, பெட்டியின் எடையையும் கொசுவையும் பற்றித் தெரிந்துகொள்வோம். இவை இரண்டும் பாதுகாப்பைச் சேர்ந்தவை.

தண்ணீர் ஏன் முழுவதும் கீழே இறங்குவதில்லை?

ஒரு தொட்டிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றுகிறோம். அடித்துளை வழியே சிறிது நேரம் சொட்டுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. புவியீர்ப்பு விசை நிற்கவில்லையே, தண்ணீர் மட்டும் ஏன் நின்றது?

மண் துகள்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. தண்ணீர் மூலக்கூறுகள் மண் துகளோடு ஒட்டிக்கொள்கின்றன, ஒன்றையொன்று இழுத்தும் பிடிக்கின்றன. இதனால் குறுகிய இடைவெளிகளில் தண்ணீர் புவியீர்ப்பை எதிர்த்து நிற்கிறது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தானாக மேலே ஏறுவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதே நுண்புழை விளைவுதான் இது. ஆங்கிலப் பாடத்தில் 'கேப்பிலரி ஆக்‌ஷன்' என்று படித்திருப்பீர்கள்.

சுத்தமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 15 என்ற எண்ணைக் குழாயின் ஆரத்தால் வகுங்கள். இரண்டுமே மில்லிமீட்டரில்.

ஆரம் 1 மி.மீ. என்றால் உயரம் 15 மி.மீ.
ஆரம் 0.1 மி.மீ. என்றால் உயரம் 150 மி.மீ.
ஆரம் 5 மி.மீ. என்றால் உயரம் வெறும் 3 மி.மீ.

இடைவெளி சிறியதாக ஆக ஆக, தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் கூடுகிறது. மண் ஒரு கண்ணாடிக் குழாய் இல்லைதான். ஆனாலும் அதே விதி இங்கும் செயல்படுகிறது. பொடி மண்ணில் இடைவெளிகள் மிகச் சிறியவை. கூழாங்கற்களுக்கு இடையே உள்ளவை பெரியவை.

அடியில் தங்கும் ஈரப் பட்டை

வடிந்து முடிந்த தொட்டியைக் குறுக்காக வெட்டிப் பார்க்க முடிந்தால், மேல் மண்ணில் காற்றும் ஈரமும் கலந்திருக்கும். அடிப்பகுதியில் மட்டும் எல்லா இடைவெளிகளும் தண்ணீரால் நிறைந்த ஒரு பட்டை இருக்கும். தோட்டக்கலை நூல்கள் இதைப் 'பெர்ச்ட் வாட்டர் டேபிள்' என்கின்றன. நாம் 'தங்கும் ஈரப் பட்டை' என்று சொல்வோம். இதன் உயரத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது மண்ணின் இடைவெளி அளவு. தொட்டியின் ஆழம் கூடினாலும் குறைந்தாலும் பட்டையின் உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இப்போது கூழாங்கல்லைச் சேர்ப்போம். மேலே சிறிய இடைவெளி, கீழே பெரிய இடைவெளி. சிறிய இடைவெளி தண்ணீரை இறுகப் பிடித்திருக்கிறது, பெரிய இடைவெளிக்கு இழுக்கும் ஆற்றல் குறைவு. ஆகவே இரண்டும் சந்திக்கும் இடத்தில் மண் ஏறக்குறைய நிறையும் வரை தண்ணீர் கற்களுக்குள் இறங்கத் தயங்கும். ஈரப் பட்டை மறைவதில்லை, கற்களுக்கு மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெட்டியின் ஆழம் 30 செ.மீ., நம் மண்ணில் ஈரப் பட்டையின் உயரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

கல் இல்லாத பெட்டி: 30 − 10 = 20 செ.மீ. காற்றோட்டமான மண்.
5 செ.மீ. கல் போட்ட பெட்டி: 30 − 5 − 10 = 15 செ.மீ. காற்றோட்டமான மண்.

வேருக்கு நல்லது செய்வதாக நினைத்து, அதன் இடத்தில் கால் பங்கை எடுத்துவிட்டோம்! கல்லின் அளவையும் மண்ணின் தன்மையையும் பொறுத்து விளைவு சற்று மாறும். சில கலவைகளில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் இறங்குவதும் உண்டு. ஆனால் கல் எடுத்துக்கொண்ட ஆழம் எந்தக் கலவையிலும் திரும்பி வராது.

வேருக்குக் காற்று எதற்கு?

ஒளிச்சேர்க்கை இலையில் நடக்கிறது. சுவாசமோ செடியின் எல்லா உயிரணுக்களிலும் நடக்கிறது, வேரிலும்கூட. வேர் உயிரணுக்களுக்கு ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் பரவும் வேகம் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மண்ணின் இடைவெளிகள் எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரால் அடைபட்டால், வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். அதைப் பார்த்து, "தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது" என்று மேலும் ஊற்றுவோம். செடி இன்னும் விரைவாக இறக்கும்.

சிங்கப்பூரில் இதற்கு வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கும் மேல் மழை பெய்யும் நாடு இது. ஒரு மாலையில் 50 மி.மீ. மழை பெய்தால், 1 மீட்டர் நீளமும் 0.4 மீட்டர் அகலமும் உள்ள திறந்த பெட்டியில் எவ்வளவு தண்ணீர் விழும்? 1 × 0.4 × 0.05 = 0.02 கன மீட்டர், அதாவது 20 லிட்டர். ஒரு வாளி நிறையத் தண்ணீர்!

அப்படியானால் என்ன செய்யலாம்?

அடித்துளைகளின் மேல் கல்லுக்குப் பதிலாக ஒரு துண்டு வலை போதும். மண் வெளியேறாமல் அது தடுக்கும். பெட்டி முழுவதும் ஒரே கலவையை நிரப்புங்கள். வெறும் தோட்ட மண் வேண்டாம். தென்னை நார்த்தூள், மக்கிய உரம், பெர்லைட் ஆகியவற்றைக் கலந்தால் இடைவெளிகள் பெரிதாகும், ஈரப் பட்டை தாழும்.

ஆழமும் முக்கியம். கங்கோங், சாய் சிம், தண்டுக்கீரை போன்ற கீரைகளுக்கு 15 முதல் 20 செ.மீ. போதும். மிளகாய், கத்தரி, வெண்டைக்கு 30 செ.மீ.யாவது வேண்டும். கங்கோங் ஈர நிலத்துச் செடி. அடி ஈரத்தை அது பொறுத்துக்கொள்ளும், மிளகாய் பொறுக்காது.

செய்து பார்ப்போம்

தேவையானவை: பாத்திரம் கழுவும் புதிய பஞ்சு ஒன்று, ஒரு தட்டு, சமையலறைத் தராசு.

1. பஞ்சைத் தண்ணீரில் அமுக்கி முழுவதும் நனையுங்கள்.
2. பிழியாமல், படுக்கை நிலையில் இரு விரல்களால் மெதுவாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும் வரை காத்திருந்து எடை பாருங்கள்.
3. அதே பஞ்சை நீண்ட பக்கம் கீழே இருக்கும்படி திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும்! நின்றதும் எடை பாருங்கள்.
4. இப்போது குறுகிய பக்கம் கீழே இருக்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். இன்னும் கொஞ்சம் சொட்டும். எடை பாருங்கள்.

பஞ்சும் அதேதான், துளைகளும் அவையேதான். பிறகு ஏன் தண்ணீர் வெளியேறியது? ஈரப் பட்டையின் உயரம் மாறவில்லை, அதன் பரப்பு மாறியது. பஞ்சின் அளவு 12 × 8 × 3 செ.மீ., பட்டையின் உயரம் 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால்:

படுக்கையில்: 12 × 8 × 3 = 288 கன செ.மீ. (பஞ்சு முழுவதும்)
நீண்ட பக்கம் கீழே: 12 × 3 × 3 = 108 கன செ.மீ.
குறுகிய பக்கம் கீழே: 8 × 3 × 3 = 72 கன செ.மீ.

ஆழமில்லாத தட்டையான தொட்டி ஏன் எப்போதும் சதசதவென்று இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். படுத்திருக்கும் பஞ்சைப் போல, அதில் பெரும்பகுதி ஈரப் பட்டையாகவே இருக்கிறது.

எடையைக் கணக்கிடுங்கள்

100 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் உள்ள பெட்டியின் கொள்ளளவு 120 லிட்டர். ஈரமான தோட்ட மண் லிட்டருக்கு 1.5 கிலோ என்று கொண்டால், மண் மட்டும் 180 கிலோ. பெட்டி 20 கிலோ என்றால் மொத்தம் 200 கிலோ. அதாவது சுமார் 2,000 நியூட்டன் விசை.

இந்த விசை நான்கு கால்கள் வழியாகத் தரைக்குப் போகிறது. ஒவ்வொரு காலும் 5 × 5 செ.மீ. என்றால், நான்கின் பரப்பு 100 சதுர செ.மீ., அதாவது 0.01 சதுர மீட்டர்.

அழுத்தம் = 2,000 ÷ 0.01 = 200,000 பாஸ்கல்.

ஒப்பிட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் இரு பாதங்களின் பரப்பு 0.04 சதுர மீட்டர் என்றால், அவர் தரும் அழுத்தம் 15,000 பாஸ்கல்தான். பெட்டிக் கால்கள் அதைப்போல் 13 மடங்கு அழுத்துகின்றன. தரை ஓடு விரிசல் விடுவதும், புல்தரையில் கால் புதைந்து பெட்டி சாய்வதும் இதனால்தான். இருபுறமும் கால்களுக்கு அடியில் 40 × 10 செ.மீ. பலகை ஒவ்வொன்று வைத்தால் பரப்பு 0.08 சதுர மீட்டராகும். அழுத்தம் 25,000 பாஸ்கலாகக் குறையும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பலகை அழுத்தத்தைத்தான் குறைக்கும், எடையைக் குறைக்காது. வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன் சுமைக்கு வடிவமைக்கிறார்கள். நம் பெட்டி தான் நிற்கும் 0.4 சதுர மீட்டரில் தருவதோ சதுர மீட்டருக்கு 5,000 நியூட்டன். ஒரு பெட்டியால் தளம் உடைந்துவிடாது. வரிசையாக ஐந்தாறு பெட்டிகளை வைப்பதற்குமுன் யோசிக்க வேண்டும். நார்த்தூள் கலந்த இலகுவான கலவை ஈரத்தோடு லிட்டருக்கு 0.8 கிலோ என்றால், அதே பெட்டியின் மண் 96 கிலோவாகக் குறைகிறது. வேருக்கு நல்லதாக இருந்த கலவை தளத்திற்கும் நல்லதாக அமைகிறது.

வீவக புளோக்கின் பொது நடைபாதையில் வைப்பதென்றால், தீயணைப்பாளர்களும் அண்டை வீட்டாரும் கடந்து செல்லக் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் விட்டிருக்க வேண்டும். சுவர் விளிம்பின் மேல் தொட்டி வைப்பது கூடவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் சிறு தொட்டியும் உயிரைப் பறிக்கும்.

கொசுவுக்கு இடம் கொடுக்காதீர்கள்

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரில் முட்டையிடும். 20 காசு நாணயம் அளவு நீர்கூட அதற்குப் போதும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பெட்டித் தோட்டத்தில் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு.

முதலாவது, அடியில் வைக்கும் தட்டு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும். கால் வைத்த பெட்டியின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரிவதால் இந்த வேலை எளிது.

இரண்டாவது, இறுகிய மண். மேல்மண் கெட்டியானால் மழைநீர் உள்ளே இறங்காமல் குட்டையாக நிற்கும். வாரம் ஒருமுறை சிறு முள்கரண்டியால் மண்ணைக் கிளறிவிடுங்கள்.

வெயில் எந்தப் பக்கம்?

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குச் சற்றே வடக்கில் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே செல்லும். மற்ற மாதங்களில் தெற்கே செல்லும். வடக்கு பார்த்த நடைபாதையில் ஜூனில் செழித்த மிளகாய்ச் செடி டிசம்பரில் காய்க்காமல் இருந்தால், உரத்தைக் குறை சொல்வதற்குமுன் வானத்தைப் பாருங்கள். சின்னப் பெட்டி என்றால் இடம் மாற்றலாம். பெரிய பெட்டி என்றால், அந்த மாதங்களில் குறைந்த வெயிலிலும் வளரும் பண்டான் போன்றவற்றை நடலாம்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ஒரு பெட்டியின் அடித்துளைகளை இரு மடங்கு பெரிதாக்கினால் ஈரப் பட்டையின் உயரம் குறையுமா? காரணம் கூறுங்கள்.

2. அடித்துளை வழியாக ஒரு பருத்திக் கயிற்றை விட்டு, ஒரு முனை மண்ணுக்குள்ளும் மறுமுனை 15 செ.மீ. கீழேயும் தொங்கும்படி செய்தால், கூடுதலாகத் தண்ணீர் சொட்டும். பஞ்சுச் சோதனையைக் கொண்டு இதை விளக்குங்கள்.

3. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள ஒரு தொட்டியை அளந்து, மண் முழுவதும் நனைந்திருக்கும்போது அது தரையில் எவ்வளவு அழுத்தம் தரும் என்று கணக்கிடுங்கள்.

4. ஒளிபுகும் இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளை எடுத்து அடியில் துளையிடுங்கள். ஒன்றில் மண் மட்டும், மற்றதில் கல்லும் மண்ணும் நிரப்பி ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஈரப் பட்டை எங்கே நிற்கிறது என்று ஒரு மணி நேரம் கழித்துக் கோடு போட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். இந்தக் கட்டுரையில் படித்ததும் நீங்கள் கண்டதும் ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் என்னவாக இருக்கும் என்று உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள்.