“கூப்பிடுவாங்க, பொறு”: ஐ.டி. நேர்முகம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் ஏ26 வீதியில் தெல்தெனியவைத் தாண்டி மேலேறினால், சுமார் 35 கிலோமீட்டரில் ஹுன்னஸ்கிரிய வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய சின்ன டவுன், சுற்றிலும் தேயிலை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது கணினி படிக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிறவர்கள் உண்டு, கண்டிக்குப் போய் எச்.என்.டி. முடிக்கிறவர்கள் உண்டு, வீட்டிலிருந்தபடியே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறவர்களும் உண்டு. படிப்புக்கு நோட்ஸ் இருக்கிறது, பாஸ்ட் பேப்பர் இருக்கிறது. வேலை தேடுவதற்கோ ஊர்ப்பேச்சை விட்டால் வேறு துணையில்லை. பஸ்ஸில் ஒருவர் சொன்னது, கொழும்பில் கடையில் நிற்கும் மாமா சொன்னது, டியூஷன் சேர் சொன்னது. அதில் பாதி வழிகாட்டும். மீதி வழியை மறிக்கும்.

மறிக்கிற பேச்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வேர்தான் என்று எனக்குப் படுகிறது. தோட்டத்தில் எதைக் கேட்பதென்றாலும் ஆபீஸ் வாசலில் நின்றுதான் கேட்டுப் பழகியிருக்கிறோம். துரை கூப்பிட்டால் உள்ளே போவது, கணக்கப்பிள்ளை சொன்னதைக் கேட்பது, திருப்பிக் கேட்டால் வாய்க்கொழுப்பு என்று பேர் வாங்குவது. தலைமுறை தலைமுறையாக வந்த இந்த ஒடுக்கத்தை மரியாதை என்று நம்பி, பிள்ளைகள் அதைக் கொழும்புக் கம்பெனியின் நேர்முகத்துக்கும் கொண்டுபோகிறார்கள். அங்கே அது அவர்களைக் கெடுக்கிறது.

“பதில் வரலைன்னா வேணாம்னு அர்த்தம். திரும்பக் கேட்டா கோவிச்சுக்குவாங்க.”

அதிகம் கெடுக்கும் நம்பிக்கை இதுதான். நேர்முகம் முடிந்து இரண்டு வாரம் போன் சத்தமில்லாமல் கிடந்தால், பிள்ளை தானே தன்னை நிராகரித்துவிடுகிறது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கொழும்பு ஐ.டி. கம்பெனிகளில் கணிசமானவை வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக உழைப்பவை, அல்லது வெளிநாட்டுக் கம்பெனிகளின் இலங்கைக் கிளைகள். சுவீடனின் ஐ.எஃப்.எஸ். 1990களின் பிற்பகுதியிலிருந்தே இங்கே இருக்கிறது. 99எக்ஸ் நோர்வே வாடிக்கையாளர்களோடு வளர்ந்தது. மில்லேனியம் ஐ.டி.யை 2009இல் லண்டன் பங்குச் சந்தை வாங்கியது. இப்படிப்பட்ட இடங்களில் உங்களை நேர்கண்ட பொறியியலாளருக்கு உங்களைப் பிடித்துப்போனாலும், ஆள் எடுக்க ஒப்புதல் கடல் தாண்டி வரவேண்டியிருக்கலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகக் காத்திருக்கலாம். ஜூலையில் நோர்வேயில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். இங்கே ஏப்ரலில் புத்தாண்டு, டிசம்பரில் நத்தார், இடையில் போயா. உங்களுக்கு முன்னால் தெரிவான ஒருவர் வரட்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதும் உண்டு; அவர் இல்லையென்றால் அடுத்த பெயர் உங்களுடையதாக இருக்கலாம். மனிதவளப் பிரிவில் ஒருவரே பத்துப் பதினைந்து வெற்றிடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் பெயர் கோப்பில் கீழே போய்விட்டிருந்தால், ஒரு மின்னஞ்சல்தான் அதை மேலே கொண்டுவரும்.

ஆகவே கேட்கவேண்டியதை நேர்முகத்தின் கடைசியிலேயே கேட்டுவிட வேண்டும்: “முடிவை எப்போது எதிர்பார்க்கலாம்? அதுவரை யாரோடு தொடர்பில் இருக்கட்டும்?” இதைக் கேட்டதற்காக எவரும் முகம் சுளிப்பதில்லை. அன்று மாலையோ மறுநாளோ மூன்று வரியில் நன்றி எழுதுங்கள். பேசிய விஷயம் ஒன்றைக் குறிப்பிட்டால் உங்களை அவர்களுக்கு ஞாபகம் வரும். சொன்ன திகதி கடந்தால் இரண்டு வேலைநாள் பொறுத்து இப்படி எழுதலாம்: “கடந்த 12ஆம் திகதி ஜூனியர் சொஃப்ட்வெயார் இன்ஜினியர் பதவிக்கான நேர்முகத்துக்கு வந்திருந்தேன். இந்த வாரம் முடிவு தெரியும் என்று சொல்லியிருந்தீர்கள். வேலையில் எனக்கு இன்னும் ஆர்வம் இருக்கிறது. என்னிடமிருந்து ஏதும் தேவையா? புதிய திகதி தெரிந்தால் அறியத்தாருங்கள்.” இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். குடும்பக் கஷ்டம் வேண்டாம், கெஞ்சல் வேண்டாம். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதற்கும் பதிலில்லாவிட்டால் அந்தக் கதவை விட்டு நகர்ந்துவிடலாம். நேர்கண்டவரின் சொந்த வட்ஸ்அப்புக்கு இரவு ஒன்பது மணிக்கு மெசேஜ் போடுவது மட்டும் கூடாது. அது உண்மையிலேயே எரிச்சல் தரும்.

காத்திருக்கும் நாட்களில் மற்ற விண்ணப்பங்களை நிறுத்திவைப்பதும் இதே நம்பிக்கையின் இன்னொரு முகம். ஓரிடத்தில் பேச்சு நடக்கும்போது வேறிடத்தில் விண்ணப்பிப்பது துரோகம் என்று நினைக்கிற நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள். கம்பெனி அதே வெற்றிடத்துக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறது. நீங்கள் பல கம்பெனிகளைப் பார்ப்பதிலும் குற்றமில்லை.

கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து கொழும்புக்கு நேர்முகத்துக்கு வருகிற பிள்ளை விடியுமுன் கிளம்பி, கண்டியில் பஸ் மாறி, இரவில்தான் வீடு திரும்பும். 2024 செப்டம்பரில் உயர்த்தியபோதும் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாகத்தான் இருந்தது; அப்படிப்பட்ட வீட்டுக்கு இந்தப் பயணச் செலவே பாரம். அப்படி வந்துபோன ஒருவருக்கு ‘இம்முறை இல்லை’ என்று இரண்டு வரி எழுதாமல் விடுவது அநியாயம். வேலைப்பளு அதற்குச் சாக்காகாது.

“கேட்டதுக்குப் பதில் தெரியாதுன்னு சொன்னா, அதோட சரி.”

பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தால் புள்ளி, தெரியாவிட்டால் பூச்சியம். ஐ.டி. நேர்முகத்தில் பதிலைக் காட்டிலும் அதை எப்படித் தேடுகிறீர்கள் என்பதற்கே அதிகப் புள்ளி.

ஓர் உதாரணம். “எண்கள் கொண்ட ஒரு பட்டியலில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள்” என்று கேட்கிறார்கள். அடங்கிப் பழகிய பிள்ளை வாய் திறக்காமல் பட்டியலைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, இரண்டாவது இடத்தில் உள்ளதை எடுத்துக்கொடுக்கும். பட்டியலில் 10, 10, 7 இருந்தால் விடை 10 என்று வரும். கேட்டவர் எதிர்பார்த்தது 7 ஆக இருக்கலாம். இன்னொரு பிள்ளை முதலில் திருப்பிக் கேட்கும்: “ஒரே எண் இரண்டு தரம் வந்தால் எப்படி எடுக்கவேண்டும்? பட்டியலில் ஓர் எண் மட்டும் இருந்தால்?” பிறகு, “வரிசைப்படுத்தாமல், முதல் பெரியதையும் அடுத்ததையும் இரண்டு மாறிகளில் வைத்துக்கொண்டு ஒரே ஓட்டத்தில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே எழுதும். நடுவில் பிழைத்தாலும் பரவாயில்லை, எங்கே பிழைத்தது என்று கேட்பவருக்குத் தெரிகிறது. கை கொடுக்கவும் முடிகிறது. மௌனமாக இருப்பவருக்கு எவராலும் கை கொடுக்க முடியாது. திருப்பிக் கேட்பது இங்கே வேலைத் திறமையின் ஒரு பகுதி. வாடிக்கையாளர் சொன்னதைச் சரியாகக் கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் கட்டிய மென்பொருளைத் திரும்பக் கட்டுவதில்தான் கம்பெனிகள் பணத்தை இழக்கின்றன.

தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம், அதோடு நின்றுவிடாமல்: “இதை நான் பயன்படுத்தியதில்லை. இதற்குப் பக்கத்தில் உள்ள இன்னதைச் செய்திருக்கிறேன்.” தெரிந்ததுபோல் நடித்தால் அடுத்த கேள்வியில் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

புதிர்க்கணக்குகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். கூகுளில் ஆள்சேர்ப்புக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ பொக், அப்படிப்பட்ட புதிர்களால் எந்தப் பயனும் இருக்கவில்லை என்று 2013இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் புள்ளியிடும் நேர்முகமே பிற்கால வேலைத் திறனை நன்றாகக் காட்டுகிறது என்று, பல்லாண்டு ஆய்வுகளைத் திரும்ப அலசிய போல் சாக்கெட் குழுவினர் 2022இல் எழுதினார்கள். “நீங்கள் செய்த ஒரு ப்ரொஜெக்டில் எதிர்பாராத சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள்?” போன்ற கேள்விகள் அடிக்கடி வருவது அதனால்தான். அதற்கு உண்மையான இரண்டு மூன்று சம்பவங்களைத் தயாராக வைத்திருப்பது எந்தப் புதிரையும்விட உதவும்.

நிராகரிப்பு வந்தால்? ஆப்பிள் கணினிகளில் உலகெங்கும் புழங்கும் ஹோம்ப்ரூ என்ற கருவியை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், அதே கருவியைப் பயன்படுத்தும் கூகுள், வெள்ளைப்பலகையில் எழுதச் சொன்ன ஒரு கணக்கில் தன்னைத் தள்ளிவிட்டது என்று 2015இல் பகிரங்கமாகச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் ஓர் ஆளை அளப்பதில் பிழைகள் நடக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அதே கம்பெனிக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். பலர் அப்படித்தான் உள்ளே போயிருக்கிறார்கள்.

“தோட்டத்து விலாசம் போட்டா சீ.வீ.யைப் பிரிக்கவே மாட்டாங்க. இங்கிலீஷும் சரளமா வேணும்.”

இதை முழுப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெயரையும் விலாசத்தையும் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பெர்ட்ராண்டும் முல்லைநாதனும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒன்றேயாக இருந்தும் வெள்ளையர் பெயர் உள்ள விண்ணப்பங்களுக்கு ஏறக்குறைய 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. நம் நாட்டிலும் மலையகத்தார் அந்தப் பார்வையைப் பட்டறிந்தவர்கள்தான்.

அதற்காகக் கொழும்பு உறவினரின் விலாசத்தைப் போடுவது பிற்பாடு வம்பில் முடியும். சீ.வீ.யில் முழு விலாசமே தேவையில்லை. “கண்டி மாவட்டம், கொழும்புக்கு இடம்பெயர ஆயத்தம்” போதும். லயத்து இலக்கம், மதம், திருமண நிலை, அடையாள அட்டை இலக்கம் எதற்கும் அங்கே வேலையில்லை. அந்த இடத்தில் கிட்ஹப் இணைப்பைப் போடுங்கள். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, உச்சரிப்பு அழகை யாரும் அளப்பதில்லை. நீங்கள் கட்டியது என்ன, ஏன் அப்படிக் கட்டினீர்கள் என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் விளங்கவைத்தால் போதும். அதை வீட்டில் சத்தம்போட்டுச் சொல்லிப் பழகவேண்டும், மனதுக்குள் அல்ல. ஹுன்னஸ்கிரியப் பிள்ளைகள் பலருக்குச் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு. மூன்று மொழியில் வாடிக்கையாளரோடு பேசக்கூடியவர் என்பதைச் சீ.வீ.யில் எழுதாமல் விடாதீர்கள்.

“ஆள் இல்லாம வேலை இல்லை.”

அமைச்சரின் கடிதத்தோடு திரிந்த காலத்தின் பேச்சு இது. ஐ.டி.யிலும் ஆள் உதவுகிறது, வேறு விதமாக. ஊழியர் ஒருவர் தெரிந்தவரைப் பரிந்துரைப்பதைப் பல கம்பெனிகள் ஒழுங்கான முறையாகவே வைத்திருக்கின்றன. பரிந்துரை சீ.வீ.யைப் பார்க்க வைக்கும். நேர்முகத்தை நீங்களே தாண்டவேண்டும். அந்த ஆள் மாமனாகவோ மச்சானாகவோ இருக்கவேண்டியதும் இல்லை. வேலை பற்றிய தகவல் நெருங்கிய உறவைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று மார்க் கிரனவெட்டர் 1973இலேயே எழுதினார். இரண்டு பட்ச் மூத்த அக்காவுக்கு லிங்க்ட்இன்னில் ஒரு மெசேஜ் எழுதத் தயங்காதீர்கள்.

“ஒன்லைன் நேர்முகத்தில் லைன் கட்டானா நம்ம தப்பு.”

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை நொறுக்கியபோது பாதைகள் மண்சரிவில் மூடின, மின்சாரமும் தொலைபேசியும் போயின. அப்படியான நாளில் நேர்முகத்தைத் தள்ளிவைக்கக் கேட்பது உரிமை. சாதாரண நாளிலும் மலை மறைத்துச் சிக்னல் போகும். முதல் நாளே எழுதிவிடுங்கள்: “இங்கே இணைப்பு தளம்பலாம், துண்டித்தால் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்.” இரண்டாவது சிம் ஒன்று, முழுதாக சார்ஜ் ஏறிய லெப்டொப், முடிந்தால் தெல்தெனியவிலோ கண்டியிலோ ஒரு நண்பரின் அறை.

“சம்பளம் பேசினா பேராசைன்னு நினைப்பாங்க.”

பேசாவிட்டால் பிறகு வருந்துவீர்கள். 80,000 ரூபா சம்பளம் என்றால் கைக்கு எவ்வளவு? ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், 6,400 ரூபா கழியும். கைக்கு வருவது 73,600. கம்பெனி தன் பங்காக 12 வீதம், 9,600 ரூபா போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 2,400 ரூபா வேறு. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை. “கன்சல்டன்ட்” என்று பேர் வைத்து எடுத்தால் இந்த நிதிகள் கிடைக்காமல் போகலாம். அதனால் சொல்லப்படும் தொகை எதையெல்லாம் சேர்த்தது என்று கேட்கவேண்டும். கொழும்பில் போர்டிங் வாடகையும் சாப்பாடும் எவ்வளவு என்று முன்கூட்டியே விசாரித்து, ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். “கம்பெனி பார்த்துக் கொடுத்தால் சரி” என்று சொல்லாதீர்கள். வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவது 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி கம்பெனியின் கடமை. வாய்ப்பேச்சை நம்பி இருக்கிற வேலையை விடவேண்டாம்.

“நேர்முகமே இல்லாம வெளிநாட்டு ஐ.டி. வேலை வந்திருக்கு, அதிர்ஷ்டம்.”

வட்ஸ்அப்பில் வரும் இந்த அதிர்ஷ்டம் உயிருக்கு உலை வைத்திருக்கிறது. கணினி வேலை, டேட்டா என்ட்ரி, நல்ல டொலர் சம்பளம் என்று தாய்லாந்துக்கு அழைக்கப்பட்ட இலங்கை இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். இணையத்தில் ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையை அடித்துச் செய்யவைத்தார்கள். 2023, 2024இல் அவர்களை மீட்க வெளிவிவகார அமைச்சும் தூதரகங்களும் தலையிடவேண்டி வந்தது.

தொழில்நுட்பக் கேள்வி ஒன்றுகூடக் கேட்காமல் ஒப்பந்தம் அனுப்புகிறவர்கள், சுற்றுலா விசாவில் வரச் சொல்கிறவர்கள், பயிற்சிக் கட்டணம், காப்புப் பணம் என்று முன்பணம் கேட்கிறவர்கள், மூவரையும் அங்கேயே நிறுத்தவேண்டும். வேலை தருகிறவர் வேலைக்கு வருகிறவரிடம் காசு வாங்குவதில்லை. முகவர் ஒருவர் நடுவில் இருந்தால், அவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, அந்த வேலைக்கு அங்கீகாரம் உண்டா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்கலாம். 1989 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைத்துக் கேட்கலாம், பாஸ்போர்ட்டை எவர் கையிலும் கொடுக்கும் முன்.