45 டிகிரி வெயிலில் மைனஸ் 196: முசஃபா சனையாவின் குளிர் டேங்குகள்

இந்த வார எபிசோடைக் கேட்டவர்களுக்கான பாடக் குறிப்பு இது. கேட்காதவர்களும் படிக்கலாம், புரியும்.

முசஃபா பக்கம் போனால் கவனித்துப் பாருங்கள். ஸ்டீல் கட்டிங் ஒர்க்‌ஷாப்புகளுக்கு வெளியே உயரமான வெள்ளை டேங்க் நிற்கும். பக்கத்திலுள்ள அலுமினியக் குழாய்களில், ஆகஸ்ட் வெயிலிலும் ஐஸ் படிந்திருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவ நைட்ரஜன்.

எவ்வளவு குளிர்?

தாஸ் தீவிலிருந்து 1977 முதல் கப்பலேறும் எல்.என்.ஜி: சுமார் -162.
திரவ ஆக்சிஜன்: -183.
திரவ நைட்ரஜன்: -196.
நம்ம திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் இஸ்ரோ பயன்படுத்தும் திரவ ஹைட்ரஜன்: -253.
எம்.ஆர்.ஐ மெஷினில் உள்ள திரவ ஹீலியம்: -269.

டேங்க் எப்படித் தாங்குது?

இந்த டேங்குக்கு கரண்ட் வேண்டாம். அது குளிரை உண்டாக்குவதில்லை. வெளிச்சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஜேம்ஸ் டீவர் 1892-இல் கண்டுபிடித்த முறை: ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், நடுவில் வெற்றிடம். காற்றே இல்லாததால் அந்த வழியாகச் சூடு கடத்தப்படாது. கதிர்வீச்சாக வருவதைப் பளபளப்பான பரப்பு திருப்பி அனுப்பிவிடும். வீட்டு டீ பிளாஸ்க்கும் இதே குடும்பம்தான்.

ஆனாலும் கொஞ்சம் சூடு கசியத்தான் செய்யும். அதனால் நைட்ரஜன் மெதுவாகக் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த வாயு வெளியேற வால்வு இருக்கிறது. 'உஸ்'னு சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், வால்வு தன் வேலையைச் செய்கிறது. அதை அடைத்தால்தான் ஆபத்து: அழுத்தம் ஏறி டேங்க் வெடிக்கலாம்.

முக்கியமான கணக்கு

1 லிட்டர் திரவ நைட்ரஜன், வாயுவானால் சுமார் 700 லிட்டர். 10 அடிக்கு 8 அடி, 9 அடி உயர ஸ்டோர் ரூமில் சுமார் 20,000 லிட்டர் காற்று இருக்கும். ஜன்னல் இல்லாத அந்த ரூமில் 10 லிட்டர் கொட்டினால்? 7,000 லிட்டர் நைட்ரஜன். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 15-க்கு இறங்கிவிடும். 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து.

கொடுமை என்னவென்றால், மூச்சு முட்டாது. மூச்சுத் திணறலை நமக்கு உணர்த்துவது முக்கியமாக உடம்பில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. நைட்ரஜனைச் சுவாசிக்கும்போது அது வழக்கம்போல வெளியேறிவிடும். நிறமில்லை, மணமில்லை, ஆள் திடீரென்று மயங்கி விழுவார். பதறிப்போய்த் தூக்க ஓடுபவரும் பக்கத்திலேயே விழுவார்.

அதனால், உள்ளே ஓடாதீர்கள். கதவைத் திறந்துவிட்டு, 997-க்கு போன் போட்டு, சுவாசக் கருவியோடு வருபவர்களை அனுப்புங்கள். லிஃப்டில் நைட்ரஜன் போகும்போது ஆள் கூடப் போகக்கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

வீட்டுப்பாடம்

அப்பாவோ மாமாவோ சனையாவில் வேலை பார்த்தால் இன்று இரவு கேளுங்கள்: "உங்க ஷாப்ல ஆக்சிஜன் அலாரம் இருக்கா?" பதிலை வாய்ஸ் நோட்டாக அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம்.