தணலில் சுட்ட தக்காளிச் சூப்பு

ஒசூர், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் தக்காளி மிகுதியாக விளைகிறது. வரத்து பெருகி விலை வீழ்ந்தால், பறிப்புக் கூலிக்கும் கட்டுபடியாகாதென்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவதும் சாலையோரம் கொட்டுவதும் உண்டு. அந்நாட்களில் தாய்மார்கள் இச்சூப்பைச் செய்யலாம். ரசம் இருக்க இது எதற்கென்று பாட்டிமார் கேட்கக்கூடும். ரசம் இரண்டு பழத்தோடு முடிந்துவிடும். கூடையில் எஞ்சியவற்றுக்கு என்ன வழி?

நால்வருக்கு அரைக் கிலோ பழுத்த தக்காளி, ஒரு குடமிளகாய், ஒரு வெங்காயம், 6 பல் பூண்டு, 2 பச்சை மிளகாய் போதும். எண்ணெய் தடவி, விறகடுப்புத் தணலிலோ தோசைக்கல்லிலோ திருப்பித் திருப்பிச் சுடுக. மிளகாயைக் கீறி வைக்காவிட்டால் வெடித்துத் தெறிக்கும். தோல் கருகினால் அஞ்ச வேண்டாம், உரித்தெறியத்தானே போகிறோம்! சுடுகையில் நீர் வற்றி, இனிப்பும் மணமும் செறிகின்றன. தக்காளிக்குச் செந்நிறம் தரும் லைகோபீன் என்னும் பொருளும் எண்ணெயுடன் வெந்தால் உடலில் எளிதில் சேரும்.

தோலுரித்து அரைத்து, 4 தம்ளர் நீர் விட்டுக் கொதிக்க வைக்கவும். கெட்டிப்படச் சோளமாவு வாங்க வேண்டியதில்லை. நம் பகுதித் தானியமாகிய கேழ்வரகின் மாவு 2 தேக்கரண்டி போதும். குளிர்ந்த நீரில் கரைத்தே ஊற்றுக. நேரே தூவினால் கட்டி தட்டும். 10 நிமிடம் கொதித்தபின் மிளகுப் பொடி, சீரகப் பொடி, உப்பு சேர்த்து இறக்கி, தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வருவோர்க்குச் சூடாகக் கொடுக்கலாம்.